கிணற்றை எட்டிப் பார்க்காதவன்

கோயமுத்தூர்
ஈஸ்வர வருஷம், சித்திரை 18

வெள்ளகோவில் மச்சான் ஆறுச்சாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் பொங்கியண்ணன் தலைகுனிந்து எழுதிக்கொண்டது. மயிலாத்தாளும் குழந்தையும் சுகம். எருமை கிடாரி ஈன்றிருக்கிறது.

மேற்குத் தோட்டத்தை வெள்ளிக்கிழமை கிரயம் செய்து கொடுத்துவிட்டு, நான் வாங்கிய மண்ணெண்ணெய்க் கம்பெனிப் பங்குகளையே வாங்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். மச்சான், கையெழுத்துப் போடாதீர்கள். மாசித் தேருக்கு அங்கே வந்தபோது நான் பேசியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால்.

பங்கு விலை நாற்பது ரூபாய், பங்குக்கு வருஷ லாபம் பத்து, நாலே வெள்ளாமையில் முதல் கைக்கு வந்துவிடும் என்றேன். மற்ற எண்ணெய்க் கம்பெனிகளைப் பதினைந்து வருஷ லாபம் கொடுத்து வாங்குகிறவர்கள் ஏமாளிகள் என்றும் சொன்னேன். என் இலையில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றச் சொன்னீர்கள். அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

போன வாரம் விலை ஆறு ரூபாய்க்கு வந்துவிட்டது. தரகர் ஆபீஸ் குமாஸ்தா பாலுசாமியிடம் சண்டைக்குப் போனேன். நான் வகுத்தது போன வருஷ லாபத்தை வைத்தாம். அந்தக் கம்பெனியின் எண்ணெய்க் கிணறுகள் வற்றிக்கொண்டு வருவது விவரமானவர்களுக்குத் தெரியுமாம்; அதனால்தான் நாலு வருஷ லாபத்துக்கு மேல் யாரும் கொடுக்கவில்லையாம். இந்த வருஷம் எட்டணா லாபம் தேறினாலே அதிகம் என்றார். அப்படியானால் ஆறு ரூபாய்க்கே பன்னிரண்டு வருஷம் ஆகிறது! பிறகு அவர், "ஏனுங்க, தோட்டம் வாங்கப் போனா கெணத்த எட்டிப் பாக்காம வாங்குவீங்களா?" என்று கேட்டார். நானும் குடியானவன் வீட்டில் பிறந்தவன்தான்.

பணம் ஏது என்று அன்று நீங்கள் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு நீங்கள் போட்ட அட்டிகையை விற்றேன். மெருகு போட ஆசாரியிடம் கொடுத்திருப்பதாக மயிலாத்தாளிடம் பொய் சொல்லியிருக்கிறேன். நேற்று, "ஆசாரிக்கு இன்னுமுங்களா கை ஒழியல?" என்றாள். கோபமில்லை, சும்மாதான் கேட்டாள். நான் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

இந்தச் சித்திரையிலும் இரண்டு ஜோடி மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைக்கிற கிணறு உங்களுடையது. வீரக்குமார சாமி அதை என்றைக்கும் ஊற வைக்கட்டும். கிரயத்தை நிறுத்திவிட்டதாக ஒரு வரி எழுதுங்கள். என்னைத் திட்டி எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கார்டில் மட்டும் வேண்டாம், கவரில் வைத்து ஒட்டுங்கள். மயிலாத்தாள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

தங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியற்ற,
பொங்கியண்ணன்