இங்கிட்டுத் திரும்பு

என் சேவியர் அண்ணனுக்கு,

உன் ‘கரண்ட் போச்சு’ மெட்டு இப்போது உன்னைவிட அதிகமாக ஊர் சுற்றுகிறது. கப்பலில் சாக்ஸபோன் வாசித்த ஆறு வருஷத்தில் நீ பார்க்காத ஊரிலிருந்தெல்லாம் யாராவது அதை வாசித்து எனக்கு வீடியோ அனுப்புகிறார்கள். ஆவூர்க்காரர் போட்ட ஜாஸ் மெட்டு என்று நம் ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கீழே எழுதிப் போடுகிறார்கள். நல்லவேளை நீ இல்லை, தலைக்கனம் ஏறியிருக்கும் என்று உன்னைக் கிண்டல் செய்யத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நீ இருந்திருக்க வேண்டும், அண்ணே.

குன்றாண்டார்கோவில் நாகஸ்வரக்காரர் ஒருவர் அதைப் பாதி வேகத்தில் வாசிக்கிறார். நீ சும்மா விட்ட இடத்தையெல்லாம் கமகத்தால் நிரப்பிவிட்டார். நீ சண்டைக்குப் போயிருப்பாயா, இல்லை, கூடவே வாசிக்க உட்கார்ந்திருப்பாயா? எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்றாம் முறை கேட்டபோது அடுப்பில் சோறு குழைவதுகூடத் தெரியாமல் நின்றேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. எல்லோருமே நடுப்பகுதியை இரண்டு தடவை வாசிக்கிறார்கள். நீ ஒரு தடவைதான் வாசிப்பாய். இது எங்கிருந்து வந்தது?

என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. நீ போன பிறகு நான் அந்த மெட்டை நீ எழுதிவைத்த நோட்டைப் படமெடுத்து, சென்னையில் பியானோ வாசிக்கும் நிவேதாவுக்கு அனுப்பினேன். அவள் வாசித்ததைக் கேட்டுத்தான் மற்றவர்கள் வாசிக்கிறார்கள். அது டிரம் அடிப்பதற்காக நீ எனக்கென்று எழுதிக்கொடுத்த நோட்டு. நடுப்பகுதி முடியும் இடத்தில், பென்சிலில் ‘இங்கிட்டுத் திரும்பு’ என்று எழுதியிருந்தாய். குச்சியையே பார்த்து அடித்து நான் உன்னை முந்திவிடுவேன் என்பதால், என் பக்கம் திரும்பிப் பார், அடுத்த பகுதியைச் சேர்ந்து எடுப்போம் என்று எழுதியது. அவளோ அந்தப் பகுதியைத் திரும்பவும் வாசிக்கச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டாள். நம் பக்கத்தில் ‘இங்கிட்டு’ என்றால் ‘இந்தப் பக்கம்’ என்று சென்னைக்காரிக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் அவளே பேசினாள். உன் மெட்டை ரெக்கார்டிங் செய்யப் போகிறாளாம். எல்லாம் சரிதானா என்று கேட்டாள். பேசாமல் விட்டால் தப்பே நிலைத்துவிடும். சொன்னாலோ, இத்தனை பேர் ஆசையாக வாசிப்பதைத் தப்பு என்றதாகிவிடும். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

“அப்போ ரெண்டாவது தடவைய எடுத்துடட்டுமா அக்கா?”

“வேணாம்மா, இருக்கட்டும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த எடம் வந்தா எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் திரும்பிப் பாத்துக்கங்க. அண்ணன் கேட்டது அதுதான்.”

அப்படியானால் டிரம்முக்கு நீங்களே வாங்க என்று சொல்லிவிட்டாள். நீ போனதிலிருந்து நான் குச்சியைத் தொடவில்லை. இப்போது நான்கு நாளாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டார் பாவம், பொறுத்துக்கொள்கிறார்கள். கை இன்னும் மறக்கவில்லை, அண்ணே. நான் நன்றாகவே வாசிப்பேன்.

அந்த இடம் இப்போது இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை நிவேதாவைப் பார்ப்பேன். இரண்டாம் தடவை, நீ எப்போதும் நிற்கும் இடது பக்கம் திரும்புவேன். இந்த முறை முந்த மாட்டேன்.

எப்போதும் உன்னை முந்திக்கொண்டிருந்த
உன் தங்கச்சி மேரி