குடவாசலில் நின்ற புள்ளி

அன்பு மகளே,

இத்துடன் இருக்கும் சிறிய பெட்டி உன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது. வீங்கிய முகத்தோடு நீ குடவாசலுக்கு, உன் தோழி லின்சி வீட்டுக்குக் கிளம்பிய அன்று, உன்னைக் கேட்காமல் நான் பொருத்தியது. நீ இருக்கும் இடத்தை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது ரேடியோவில் அனுப்பும்.

என் பொழுதுபோக்கான ஹாம் ரேடியோவில் எதையும் மறைத்து அனுப்பக்கூடாது என்பது விதி. என் ரேடியோ அழைப்புக்குறி தெரிந்த யாரும் இணைய வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். அதை மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நானே. கல்யாணமான புதிதில், "மாமா, உங்க புள்ளி பூதலூர் கேட்டுலயே நிக்குதே, ரயில் இன்னும் வரலையா?" என்று போனில் கேலி செய்வார். எனக்குப் பெருமையாக இருக்கும். பெட்டியைப் பொருத்தியபோது அது நினைவுக்கு வரவில்லை.

அவர் லின்சி வீட்டுக் கதவை உடைத்த மறுநாள் நான் வந்தேன். "அவளைத் தவிர யாருக்குப்பா தெரியும்? அவதான் சொல்லிட்டா" என்று அழுதாய். "இருக்கும்மா" என்றேன். நீ முகம் கழுவப் போனதும் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

லின்சி யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியையும் கடிதத்தையும் அவளிடம் காட்டு.

உன்னை வேறு இடத்தில் தங்கவைத்திருக்கும் பங்குச்சாமியாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ இப்போது இருக்கும் இடத்தை எனக்குச் சொல்லாதே.

அப்பா