டஸ்டரை அவர் கையில் கொடுத்த டீச்சருக்கு

டீச்சர்,

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் பள்ளிக்கூட போர்டில் அப்படித்தான் ஆரம்பிப்பீர்கள். என் மகள் தேன்மொழிக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. மின்வாரியத்தில் இன்ஜினியராக இருப்பவளைப் பெரம்பலூருக்கு மாற்றியிருக்கிறார்கள். தனி அறையாம், கதவில் அவள் பெயர் போட்ட பலகையாம். அவள் மகள் யாழினி என்னோடு ஸ்ரீரங்கத்தில் இருந்து உங்கள் பள்ளிக்கூடத்திலேயே பத்தாவது படிக்கிறாள். ஈட்டி எறிவதில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்த பெண் இவளைவிட ஒரு தலை உயரம், அதையும் சேர்த்தே எல்லோரிடமும் சொல்கிறேன். என் மகன் வீட்டுச் சின்னவன் மாறுவேடப் போட்டியில் போஸ்ட்மேன் வேஷம் போட்டான். மேடையில் வசனம் மறந்து அழுதுவிட்டான், ஆனாலும் ஒரு டிபன் பாக்ஸ் பரிசு. "அழுகைய நிறுத்துறதுக்குக் குடுத்திருப்பாங்க" என்கிறார் அவன் தாத்தா. எதற்குக் கொடுத்தால் என்ன, பரிசு பரிசுதானே.

இன்று சாயங்காலம் யாழினியின் யூனிபார்ம் துப்பட்டாவை ஊறப்போட எடுத்தேன். ஓரமெல்லாம் வெள்ளை. சாக்பீஸ் வாசனை. பள்ளிக்கூட வாசல் போர்டை இப்போது எழுதுவது அவள்தான், அதனால் தினமும் உள்ள அழுக்குத்தான். ஆனால் இன்றைக்கு அந்தத் துப்பட்டாவைத் தண்ணீரில் போட மனம் வரவில்லை. அப்படியே கொடியில் போட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வையம்பட்டிப் பக்கம் பிறந்தவள், ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கல்யாணமாகி இங்கே வந்தபோது பள்ளிக்கூடம் என்றால் எனக்கு வெளியில் நின்று பார்க்கிற கட்டிடம். தேன்மொழி ஆறாவது சேர்ந்ததும் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். என்னைப் போலப் பத்துப் பதினைந்து அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே தூக்குவாளியோடு நிற்போம். உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளைக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பார்கள்.

அந்த போர்டு அதுவரை ஆபீஸ் அறைக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருந்தது. நீங்கள்தான் அதை வெளிச் சுவருக்குக் கொண்டுவந்தீர்கள். அப்போது ஹெட்மாஸ்டராக இருந்த பெரிய சார் வாசலிலேயே நின்று சத்தம் போட்டது எங்கள் காதில் விழுந்தது.

"தெருவுக்கெல்லாம் நம்ம விஷயம் எதுக்குங்க டீச்சர்?"

"தெருவுலேர்ந்துதானே சார் பிள்ளைங்க வருது."

போர்டின் நடுவே ஒரு கோடு போட்டீர்கள். இடப்பக்கம் 'செய்திகள்', வலப்பக்கம் 'வரவிருப்பவை'. மற்ற பள்ளிக்கூடங்களில் முதல் மார்க் வாங்கியவள் பெயர் மட்டும்தான் போர்டில் ஏறும். நீங்கள் எழுதியது வேறு மாதிரி. 'ஏழாம் வகுப்பு மீனா இந்த வாரம் முழுவதும் மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டாள்.' 'எட்டாம் வகுப்பு மாணவிகள் வேப்பங்கன்றுக்குக் கூண்டு கட்டினார்கள். ஆடு ஏமாந்து போனது.' அதைப் படித்துவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

எங்களில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான்தான் உரக்கப் படிப்பேன். என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அந்தத் தெருவில் அப்படி ஒரு மரியாதை வந்தது. "அக்கா, எம் பொண்ணு பேரு இன்னிக்காவது இருக்கா பாரு" என்பாள் இட்லிக் கடைக்காரி. இல்லையென்றால் "நீ ஒழுங்காப் படிச்சியாக்கா?" என்று என்னையே சந்தேகப்படுவாள்.

ஒருநாள் 'மாவட்ட அளவிலான அறிவியல் கண்காட்சி' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு நாக்கு சிக்கிக்கொண்டது. "ஏதோ பெரிய கண்காட்சியாம்டி" என்று சொல்லி முடித்துவிட்டேன். திரும்பினால் நீங்கள் கேட்டருகே நிற்கிறீர்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். மறுநாள் போர்டில் அதே செய்தி, எழுத்து இரண்டு மடங்கு பெரிதாக: 'பிள்ளைகள் தாங்களே செய்த சாமான்களைக் கடை பரப்பி வைக்கப்போகிறார்கள். எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் சொல்வார்கள். அம்மாக்கள் கட்டாயம் வரவேண்டும்.' இட்லிக் கடைக்காரி கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு நீங்கள் ஓய்வு பெறும் வரை அந்த போர்டில் நான் திக்குகிற மாதிரி ஒரு வார்த்தைகூட வரவில்லை. இதை நான் உங்களிடம் நேரில் சொன்னதே இல்லை. உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

தேன்மொழி பத்தாவது முடித்த வருஷத்துக்கு வருகிறேன். மார்க் நன்றாகத்தான் வந்திருந்தது. உங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு சரி. மேலே படிக்கவேண்டுமென்றால் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்கு டவுன் பஸ்ஸில் போகவேண்டும். என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் திருவெள்ளறையில் இருக்கிற அவர் அக்கா மகனுக்குத் தேன்மொழியைக் கேட்டிருந்தார்கள். "பத்தாவது போதும்டி. பாலத்தத் தாண்டிட்டா பொண்ணு நம்ம பேச்சக் கேக்காது" என்றார். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். அவருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

மார்க் ஷீட் வாங்க வந்த அன்று தேன்மொழி உங்களிடம் அழுதிருக்கிறாள். மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு இவரிடம் வந்தார்.

"என்னய்யா, பொண்ணு திருச்சிக்குப் படிக்கப் போவுதாமே! சொல்லவே இல்ல?"

"யாரு சொன்னது?"

"நல்லா கேட்டீங்க போங்க. போர்டுலயே போட்டாச்சு."

பின்னாலேயே பம்ப்செட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கை குலுக்கினார். இட்லிக் கடைக்காரி சர்க்கரை கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். இவர் சட்டையைக்கூட ஒழுங்காகப் போடாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். போர்டின் வலப்பக்கம், 'வரவிருப்பவை'க்குக் கீழே, உங்கள் பெரிய எழுத்து: 'நம் மாணவி தேன்மொழி பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்கிறாள். வரும் திங்கட்கிழமை காலை எட்டேகால் டவுன் பஸ்ஸில் முதல் பயணம். வாழ்த்த விரும்புகிறவர்கள் பஸ் ஸ்டாப்புக்கு வரலாம்.'

"டீச்சர், நாங்க இன்னும் முடிவே பண்ணலீங்களே!" என்றார் இவர்.

நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "அப்படிங்களா? அவசரப்பட்டு எழுதிட்டேன் போலருக்கு. அதனால என்ன, அழிச்சுடலாம்" என்று சொல்லி டஸ்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தீர்கள். "நீங்களே அழிச்சுடுங்க. பொண்ணு உங்க பொண்ணு."

சுற்றி அம்மாக்கள். கேட்டுக்கு உள்ளே ஒரு கூட்டம் பெண் பிள்ளைகள். தேன்மொழி எங்கேயோ தூணுக்குப் பின்னால். இவர் டஸ்டரோடு அந்த போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். மகளின் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் அதுவரை எங்கேயும் பார்த்ததில்லை. கை ஒருமுறை மேலே போனது. பிறகு ஒரே ஒரு வார்த்தையை மட்டும் துடைத்தார்.

"எட்டேகால் பஸ்ல கூட்டம் தாங்காது டீச்சர். படியில தொங்குவானுங்க. எட்டு மணி பஸ்ஸுன்னு போடுங்க."

நீங்கள் சிரிக்கவே இல்லையே! சாக்பீஸை எடுத்து, அழித்த இடத்தில் 'எட்டு மணி' என்று நிதானமாக எழுதினீர்கள். "நல்லதாப் போச்சுங்க, எனக்கு பஸ்ஸு விவரம் தெரியல" என்று வேறு சொன்னீர்கள். அந்தத் திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் இவர்தான் முதல் ஆளாக நின்றார். அக்கா வீட்டில் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை, பிறகு அவர்கள் வீட்டு மோட்டார் எரிந்தபோது தானாகச் சரியாகிவிட்டது. இன்றைக்கும் யாராவது தேன்மொழியின் படிப்பைப் பற்றிப் பேசினால் இவர் விடமாட்டார். "எட்டு மணி பஸ்ஸுன்னு சொன்னதே நாந்தான்" என்பார்.

ரொம்ப நாள் கழித்து உங்களிடம் கேட்டேன், "நடக்காத ஒண்ண எப்படி டீச்சர் அவ்வளவு தைரியமா எழுதுனீங்க?" நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "நடக்கணும்னு நினைக்கிறத முதல்ல எழுதிப்புடணும் தேன்மொழி அம்மா. அப்புறம் அது வெக்கப்பட்டுக்கிட்டாவது நடந்துடும்."

போன மாதம் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளக்குப் படத்தோடு வந்தது. பழைய மாணவிகள், பெற்றோர்கள் எல்லோரும் இருக்கிற குழு அது. தினமும் போர்டைப் படம் பிடித்து அதில்தான் போடுகிறார்கள். அன்று முழுவதும் கும்பிடுகிற கைகளாக வந்துகொண்டிருந்தன. மறுநாள் வழக்கம்போல ஃபீஸ், பரீட்சை, ஆண்டு விழா. பள்ளிக்கூட ஹாலில் வரிசையாகப் படங்கள் இருக்கின்றனவே, அத்தனையும் பெரிய சார்கள், பெரிய டீச்சர்கள். நீங்கள் கடைசி வரை வெறும் சமூக அறிவியல் டீச்சர். அங்கே உங்களுக்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை, அதுதான் பொறுக்கவில்லை.

யாழினியைக் கூப்பிட்டு போனில் அந்த மைக் படத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். "எல்லாருக்கும் வணக்கம். வரவிருப்பவை. நம்ம ஆண்டு விழா அன்னிக்குக் காலையில, வாசல் போர்டு எழுதுன டீச்சரோட படத்த ஹால்ல திறந்து வைக்கிறாங்க. போர்டுல யாரு யாரு பேரெல்லாம் வந்துச்சோ, அவங்க எல்லாரும் கட்டாயம் வரணும்." யாழினி விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"பாட்டி, யாரு திறக்கறாங்க? இது யாரு சொன்னது?"

"நாந்தான். நீ விரல எடு."

அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும் டீச்சர். துபாயிலிருந்து ஒருத்தி, ஓசூரிலிருந்து ஒருத்தி, லால்குடியில் மாவு மில் வைத்திருப்பவள், தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவள். 'என் பெயர் வந்த நாள் எங்கள் வீட்டில் பாயசம்' என்று ஒருத்தி எழுதினாள். 'ஆட்டை ஏமாற்றிய கூட்டத்தில் நானும் உண்டு' என்று இன்னொருத்தி. மீனா, சீக்கிரம் வந்த அந்த மீனா, சேலத்தில் தாசில்தார் ஆபீஸில் இருக்கிறாளாம். லீவு போட்டுவிட்டேன் என்று எழுதிவிட்டாள். தேன்மொழி மட்டும் தனியாக எனக்கு போன் பண்ணினாள். "அம்மா, நெசமாவா?" என்றாள். "போர்டுல வந்தா நம்பு" என்றேன்.

நேற்று இப்போதைய பெரிய டீச்சர் போனில் கூப்பிட்டார். வெளியூரிலிருந்து வந்தவர், உங்களைப் பார்த்ததில்லை.

"என்னங்க யாழினி பாட்டி, இப்படிப் பண்ணிட்டீங்க? நாங்க இன்னும் முடிவே பண்ணலையே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதே வார்த்தை, டீச்சர். உங்களைப் போல முகம் மாறாமல் சொல்ல எனக்கு வருமா என்ன. இருந்தாலும் சொன்னேன். "அவசரப்பட்டுட்டேன் போலருக்குங்க டீச்சர். நீங்கதான் அந்தக் குழுவுக்கு அட்மினாமே. நீங்களே அழிச்சுடுங்க."

குழுவைத் திறந்து பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு பெண்களின் வாழ்த்தை எந்த விரலால் அழிப்பது? கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"காலையில முடியாதுங்க பாட்டி, பிள்ளைங்களுக்கு டெஸ்ட் இருக்கு. சாயந்தரம்னு மாத்திச் சொல்லுங்க."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

உங்கள் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். தேன்மொழியின் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவைத்தான் கொடுத்தேன். அதில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, நீங்கள் மட்டும் கடைசி வரிசை நேராக நிற்கிறதா என்று திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதி முகம்தான் தெரியும். "நேராப் பாக்குற படம் இல்லீங்களா?" என்று கேட்டார்கள். நீங்கள் எங்கே எங்களை விட்டுவிட்டு கேமராவைப் பார்த்தீர்கள்? அதையே பெரிதாக்கி மாட்டுங்கள், முகம் வாசல் பக்கம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது அந்தத் துப்பட்டா. யாழினி இன்று வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் சொன்னாள், 'வரவிருப்பவை'க்குக் கீழே முதல் வரியாக உங்கள் பெயரைத் தன் கையால் எழுதினாளாம். எழுத்து இரண்டு மடங்கு பெரிதாக. கொடியில் தொங்குகிறதே, அதன் ஓரத்தில் ஒட்டியிருப்பது அந்தச் சாக்பீஸ்தான். அதை எப்படி நான் அலசுவேன், சொல்லுங்கள்.

ஆனால் குழுவில் இன்னும் மத்தியானம் எடுத்த படமே இருக்கிறது. இவள் எழுதுவதற்கு முன்னால் எடுத்தது. தேன்மொழி பெரம்பலூரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். யாழினியைக் கூப்பிட்டு மைக்கை அழுத்தச் சொன்னேன். "குழுவுல இருக்கற டீச்சருங்களுக்கு யாழினி பாட்டி பேசுறேன். போர்டோட படம் பழசா இருக்குங்க. நாளைக்குக் காலையில முதல் வேலையா, புதுப் படம் ஒண்ணு எடுத்துப் போட்டுடுங்க."