பிரிக்காத கட்டு

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே கொளுத்துகிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் நின்றபடியே பயணம். வாங்க வேண்டியவை: நீலப் பேனா, சோப்பு, தலைவலி மாத்திரை.

பிசிஷியன் அசிஸ்டென்ட், அதாவது டாக்டருக்கு உதவியாளர் படிப்பு, மூன்றாம் வருடம். செய்த வேலையைப் பதியும் லாக் புக்கில் புண்ணுக்குக் கட்டுப் போட்டதாகப் பத்துப் பதிவு வேண்டும், எல்லாவற்றுக்கும் டாக்டர் கையெழுத்து. இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. கல்லூரியில் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளி, மாலை நாலு மணி. கையில் இருப்பது ஏழு.

வார்டில் கொடுக்கும் வேலையோ ரிப்போர்ட் வாங்கி வருவது, எக்ஸ்ரே தேடுவது. நர்ஸ்களுக்கு நாங்கள் டாக்டர் பக்கம். டாக்டர்களுக்கு நர்ஸ் பக்கம். சே.

இன்றுதான் வார்டு டாக்டர் சார் ஒரு கேஸ் கொடுத்தார். ஆறாம் கட்டில். வேப்பந்தட்டை விவசாயி, சர்க்கரை, வலது கால் கட்டைவிரலில் புண். "தெனமும் பிரிச்சுப் பாத்து நீயே கட்டணும், புரியுதா?" கட்டினேன். புண் சுத்தம், சீழ் இல்லை. எட்டு.

செவ்வாய்

ஸ்கேனுக்கு ஒருவரை அழைத்துப் போனதில் பாதி நாள். மீதி நாள் டிஸ்சார்ஜ் எழுதியதில். "ஒன் கையெழுத்து நல்லாருக்கு பாப்பா, நீயே எழுதிடு" என்றார் ஹவுஸ் சர்ஜன். பாராட்டாம்!

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆறாம் கட்டில் பக்கம் போகவே இல்லை. கூடப் படிக்கும் ஷாஹிதா, "நேத்து எழுதுனதையே எழுதிருடி. எல்லாரும் அதான் பண்றோம்" என்றாள். எழுதினேன். புண் சுத்தம், சீழ் இல்லை. ஒன்பது.

புதன்

காலையில் பெரம்பலூரில் வகுப்பு. மேஜை மேல் பிளாஸ்டிக் கால். "கேளு, பாரு, தொடு, அப்பறம் எழுது" என்று மேடம் சொல்ல, நாற்பது பேரும் திருப்பிச் சொன்னோம். எல்கேஜி மாதிரி.

மதியம் அரியலூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. போய்ச் சேர்வதற்கு முன்பே பத்தாவதை எழுதிவிட்டேன். போனதும் கட்டிவிடலாம் என்றுதான். போனால் ரிப்போர்ட், மறுபடி ரிப்போர்ட்.

வியாழன்

ரவுண்ட்ஸ். சார் லாக் புக்கைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மடமடவென்று பத்துக்கும் கையெழுத்து. துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

அவர் போன பிறகு ஆறாம் கட்டில்காரரின் மனைவி மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, திங்கக்கெழம கட்டுனது, இன்னும் பிரிக்கலியே? நாத்தம் வருதும்மா."

பிரித்தேன். விரல் கறுத்திருந்தது. அடியில் சீழ். ஓடிப்போய்ச் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வந்து பார்த்தார். விரலை எடுக்க வேண்டும் என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புக்குல கைய வைக்காத. நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். பேசாம பரீட்சைய எழுது" என்றார். அந்தப் புத்தகத்தைக் கிழித்துப் போட வேண்டும் போல ஆத்திரம். யார் மேல் என்று தெரியவில்லை. என் மேல்தான்.

வெள்ளி

சாப்பிடவில்லை. பத்து மணிக்கு விரலை எடுத்துவிட்டார்கள்.

மதியம் ஆறாம் கட்டில்காரரிடமே போய், ரெண்டு நாள் நான் பிரிக்கவில்லை, பிரித்ததாகப் பொய்யாக எழுதினேன் என்றேன். கட்டுப் போட்ட காலைப் போர்வையால் மூடினார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் அவர், "நாளைக்காவது வந்து பிரிப்பியா?" என்றார்.

லாக் புக்கில் ஒன்பதையும் பத்தையும் குறுக்கே அடித்தேன், சார் கையெழுத்தோடு சேர்த்து. மணி நாலு. அப்படியே கொடுத்தேன். எட்டு.