தொட்டியடியில் ஒரு பச்சை வளையல்

அக்கா,

இன்று காலை பாட்டில் பிரஷ்களை அலசிவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தேன். அதே வாடை. பாசியும் மீனும் ஊறிய வண்டலும் சேர்ந்தது, சோப்பு போட்டாலும் சோறு தின்னும்வரை போகாது. "இது நம்ம அத்தருடி" என்பீர்கள். கரியாலூர் மலைக்குளிரில் விரல் விறைத்திருந்தும் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகையும் வந்தது.

கள்ளக்குறிச்சியில் உங்கள் பிளாஸ்டிக் சாமான் கடைக்கு நான் வேலைக்கு வந்தபோது எனக்கு முதலாளி பாய்தான். நீங்கள் பாயின் வீட்டுக்காரம்மா. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு சிமெண்டுத் தொட்டி. மெட்ராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் கோய் கெண்டையைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். வெள்ளையில் சிவப்புத் திட்டு, கருப்பில் பொன், கையிலிருந்து தீனி வாங்கித் தின்கிற மீன். அடுத்த முறை போனபோது கையோடு வாங்கியும் வந்துவிட்டீர்கள். வளர்த்துக் குஞ்சு எடுத்து விற்கலாம் என்றதும் பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதால் என்னைக் கூட்டாளியாக்கிக்கொண்டீர்கள். "ஒரு வேலய நானே ஆரம்பிச்சு நானே கெலிக்கணும்டி. அவ்ளோதான்."

மீன்கள் முழங்கை நீளம் வளர்ந்து, இதோ முட்டையிடப்போகின்றன என்று நாம் காத்திருந்த சமயத்தில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மெட்ராஸிலிருந்து வாங்கிவந்த சின்ன ஃபில்டரின் ஸ்பாஞ்சு பிய்ந்துபோயிருந்தது. புதுசு ஏற்றிவந்த லாரி உளுந்தூர்பேட்டையிலேயே நின்றுவிட்டது. கிணற்றிலும் தண்ணீர் கம்மி, தொட்டியை இறைத்து நிரப்ப வழியில்லை. தண்ணீர் கழுநீராய்க் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"மீனு செத்து நாறினா கடைக்கு எவன் வருவான்?" என்று பாய் கத்தினார். "ரோடு தெறக்கறதுக்குள்ள தொட்டியில அடி தெரியணும். இல்லாங்காட்டி மண்ணக் கொட்டி மூடிட்டு மேல கொடத்த அடுக்கிடுவேன்."

நீங்கள் கையிலிருந்த பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றித் தொட்டிக்குள் போட்டீர்கள். விழுந்ததுமே கலங்கலில் மறைந்துபோனது. "இது கண்ணுல படட்டும். அன்னிக்குப் பேசிக்கிறேன் அவராண்ட" என்றீர்கள் என்னிடம்.

என் தம்பியும் சாலை மறியலில்தான் இருந்தான். படித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்தவன். "உன் தம்பி வெட்டின மரந்தாண்டி நம்ம ஸ்பாஞ்ச மறிச்சிகினு கெடக்குது" என்று என்னைச் சீண்டுவீர்கள். ஆனால் பசியோடு வந்து நின்றவனை ஒருநாளும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அவன்தான் எங்கள் ஊரிலிருந்து ஒரு காலி நீல டிரம்மை சைக்கிளில் கட்டி, கிடந்த மரங்களின் மேல் தூக்கித் தூக்கித் தாண்டிக் கொண்டுவந்தான்.

"ஊரே கொதிச்சிகினு கீது, நீங்க மீனுக்கு டிரம் கேக்கறீங்களே" என்று அலுத்துக்கொண்டான்.

"நீ ரோட்ல நிக்கிற, நான் தொட்டியாண்ட நிக்கிறேன். ரெண்டு பேரும் வுட்டுட்டுப் போவப் போறதில்ல. இன்னா இப்ப?"

அவன் குழம்பு இருக்கிறதா என்று கேட்டான்.

ஸ்பாஞ்சுக்குப் பதில் டிரம்மில் போட்டு அழுக்கை வடிகட்ட, கடையில் தொங்கிய பாட்டில் பிரஷ் அத்தனையும் இறங்கின. அலமாரியில் இடம் விடாமல் அடுக்கிப் பழகிய கை உங்களுக்கு. டிரம்முக்குள்ளும் அப்படியே திணித்தீர்கள். ஜாஸ்தி வைத்தால் ஜாஸ்தி சுத்தமாகும் என்று நானும் நம்பினேன். பழைய ஃபில்டரின் மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்கி, அழுக்குத் தண்ணீரை மேலே டிரம்முக்கு அடித்தோம். மோட்டாரோ மீன் கழிவை மாவாக அரைத்து அனுப்பியது. பிரஷ் அடைத்துக்கொள்ள, எல்லாம் பொங்கி வழிந்து திரும்பத் தொட்டிக்குள்ளேயே விழுந்தது. மறுநாள் தண்ணீர் முன்னைவிட மோசம். ஒரு மீன் மிதந்தது, வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்தது. பாய் பார்ப்பதற்குள் முந்தானையில் சுருட்டிக்கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டிரம்மக் கவுத்துடி, திரும்ப ஆரம்பிக்கலாம்" என்றீர்கள்.

கவிழ்த்தால், தண்ணீர் வேகம் படாத ஓர் ஓரத்தில் மட்டும் கொழகொழவென்று வண்டல் படிந்திருந்தது. எனக்கு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை நினைவு வந்தது. உங்கள் கடைக்கு வருமுன் நான் கூலிக்குப் போன இடம். மரவள்ளிக் கிழங்குப் பாலை அங்கே நீளத் தொட்டியில் மெதுவாக விடுவார்கள். வேகமாகத் திறந்துவிட்டால் மாவு படியாமல் தண்ணீரோடு போய்விடும். நான் சொல்லி முடிக்கவில்லை, நீங்கள் பாதியிலேயே பிடித்துக்கொண்டீர்கள். "அப்போ மோட்டாரு கடைசீலதான் இருக்கணும். அழுக்கு தானா நடந்து வரட்டும். நாம தொரத்த வாணாம்."

டிரம்மைச் செங்கல் மேல் ஏற்றி, அதன் விளிம்பையும் தொட்டி விளிம்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதிலும் தண்ணீர் நிரப்பினோம். தடித்த குழாய் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை நீங்களும் மறுமுனையை நானும் உள்ளங்கையால் அடைத்துக்கொண்டோம். உங்கள் முனை தொட்டியின் அடிக்கும் என் முனை டிரம்மின் அடிக்கும் போய்ச் சேர்ந்ததும், "வுடு!" என்றீர்கள். பாதிப் பிரஷ்ஷை எடுத்துவிட்டு மிச்சத்தை நெருக்காமல் தொங்கவிட்டோம். டிரம்மிலேயே பிரஷ்களுக்கும் அப்பால், மேல்மட்டத்தில் மோட்டார். அது தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துத் தொட்டிக்கு அனுப்ப, அனுப்பிய அளவுக்குத் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே தானாக வந்தது. வண்டல் டிரம்மில் தங்கிவிட்டது. தினமும் காலையில் அதை மொண்டு முருங்கைக்கு ஊற்றினோம், பிரஷ்ஷை அலசினோம். நீங்கள் தொழுகை முடித்த கையோடு தொட்டிக்கு வந்து குனிந்து பார்ப்பீர்கள். "இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவீர்கள்.

சாலை திறக்கப்போவதாகப் பேச்சு வந்த அன்று, மண்ணுக்குச் சொல்லிவைக்கலாமா என்று கேட்டபடி பாய் பின்கட்டுக்கு வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வளையல உள்ள போட்டுட்டியா? எடுத்துக் குடுக்கட்டா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"வாணாம். அங்கியே கெடக்கட்டும்" என்றீர்கள்.

மண் வரவில்லை. ஸ்பாஞ்சு வந்தது, அதை வைத்துக் கடைப் பலகையைத் துடைத்தீர்கள். அதற்கப்புறம் எத்தனை வீட்டுத் தொட்டிக்கு, எத்தனை ஊருக்கு நம் மீன்கள் போயின! நான் கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகும், திருக்கோவிலூருக்கு ஒரு வண்டி மீன் போகிறது என்றால் எனக்குத்தான் முதலில் சொல்லியனுப்புவீர்கள்.

நீங்கள் கண்மூடிய பின் உங்கள் பிள்ளைகள் கடையை இழுத்து மூடுகிறார்கள். அவர்கள்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது. "மீன நீங்களே எடுத்துக்குங்க" என்றான் பெரியவன். டெம்போ ஓட்டியே தலை நரைத்துப்போன என் தம்பியை வரச்சொன்னேன். அவன் டிரம்மைத் தூக்கி வைக்கும்போது நான் காலித் தொட்டியின் அடிச்சேற்றைக் கையால் துழாவினேன். உங்கள் வளையல் பாசி பிடித்து, உடையாமல் கிடந்தது. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இங்கே மழை. ஓடைத் தண்ணீர் செம்மண்ணாய் வந்தது. இதில் மீன் தங்காது, கொடுத்துவிடு என்றார்கள் வீட்டில். முடியாது என்றேன். புதுத் தொட்டியில் தண்ணீர் விட்டு, முதலில் வளையலைப் போட்டேன். டிரம்மை மட்டம் பார்த்து வைத்தேன். குழாயில் உங்கள் முனையைத் தம்பி பிடித்தான். "வுடு!" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே உங்கள் குரலாய்க் கேட்டது. அவன் போகவில்லை. தொட்டி தெளியட்டும், பார்த்துவிட்டுப் போகிறேன் என்று இங்கேயே தங்கிவிட்டான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தொட்டிப் பக்கமிருந்து அவன் கூப்பிடுகிறான்.

"யக்கா, உள்ள ஏதோ பச்சையா வளையல் கெடக்குது பாரு. எடுக்கட்டா?"

"வாணாம்டா. அங்கியே கெடக்கட்டும்."