மண் அள்ளிய குடில் மாடு

அண்ணா, இதை அங்கே யாருக்கும் காட்டிவிடாதே. தாத்தாவுக்குக்கூட வேண்டாம். அப்பாவின் கனவில் வந்து சொன்னாலும் சொல்லிவிடுவார்.

என் பள்ளிப் பையிலிருந்து மண்ணெண்ணெய் வாசம் வருகிறது. புத்தகங்களுக்கு அடியில் நம் வள்ளத்து எஞ்சினின் எண்ணெய்க் குழாய் சுருண்டு கிடக்கிறது. மாலையில் அப்பா தைக்கக் கொடுத்த வலையை வாங்கப் போனபோது நான்தான் கழற்றினேன். அது இல்லாவிட்டால் எஞ்சின் ஓடாது. விடிவதற்கு முன் அவர் மறுபடி கடலுக்குப் போகிறார், நீ போன அதே துறைமுக வாய் வழியாக. மாதா படத்துச் சின்ன பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதே.

அறிவியல் கண்காட்சிக்கு நாம் மண் அள்ளும் படகு செய்தபோது உன் சட்டையிலும் இதே வாசம்தான். நூலகப் புத்தகத்தில் நான் ஒரு படம் கண்டேன். எஞ்சின் வராத காலத்தில் வெளிநாட்டுத் துறைமுகங்களில் படகின் மேல் குதிரைகளைப் பூட்டி வட்டமாக நடக்க விடுவார்களாம். அவை நடக்க நடக்கச் சக்கரம் சுற்றும். சங்கிலியில் கோத்த வாளிகள் அடிக்குப் போய்ச் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வரும். நம்மிடம் குதிரை பொம்மை இல்லை. நீ கிறிஸ்துமஸ் குடில் பெட்டியைத் திறந்து மாட்டை எடுத்தாய். பாலன் இயேசுவுக்குத் துணைக்கு யார் நிற்பார்கள் என்று அம்மா சத்தம் போட்டாள். "கழுத உண்டும்லா, அது பாத்துக்கிடும்" என்றாய்.

படகை நீ வள்ளம் மாதிரியே செய்தாய், அடி கூராக. உனக்கு வேறு படகு தெரியாது. வாய் அகன்ற சருவப் பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மாட்டைச் சுற்றவிட்டோம். அது ஓரத்துக்கு வந்ததும் எல்லாம் சேர்ந்து கவிழ்ந்தது. நான் அழுதேன். "ஏட்டி, மாட்டுக்கு நீச்சத் தெரியும். நீ என்னத்துக்கு அழுக?" என்று சிரித்தாய். உனக்கும் நீச்சல் தெரியுமே.

பிறகு தெர்மாகோலில் தட்டையாக ஒன்று செய்தாய். சோடா மூடிகள் வாளிகளாயின. நீ விரலால் மாட்டைத் தள்ளத் தள்ள அவை அடியில் போட்டிருந்த மணலை அள்ளின. ஒரு மூடி கல்லில் மாட்டிக்கொண்டது. நான் இன்னும் தள்ளு என்றேன். நீ விரலை எடுத்துவிட்டாய்.

"மாடுன்னா இந்த எடத்துல நின்னுரும் மக்கா. கழுத்துல பாரம் தெரியும்லா. எஞ்சினுக்கு என்னத்தத் தெரியும்?"

கண்காட்சிக்கு நான் போகவில்லை. அதற்கு முன்பே நீ போய்விட்டாய். துறைமுக வாயில் மணல் மேடிட்டிருந்தது. பின்னால் அலை எழும்புவதைக் கண்டு நீ எஞ்சினை முறுக்கினாயாம். வள்ளத்தின் அடி மணலில் இடித்துத் தூக்கி எறிந்ததாம். கூட வந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள். மணல் அள்ளும் இயந்திரம் வரும் என்று துக்கம் கேட்க வந்த அதிகாரிகளெல்லாம் சொன்னார்கள். இன்னும் வரவில்லை.

இன்று சோறு தின்னும்போது, துறைமுக வாயில் மண் அள்ளியாச்சா என்று அப்பாவிடம் கேட்டேன். "அத அலை பாத்துக்கிடும்" என்றார். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீ போன பிறகு அவர் வள்ளம் இறக்கவே இல்லை. எவ்வளவு நாள்தான் அவரும் வீட்டில் இருப்பார் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் அந்த வாயை நான் பார்த்திருக்கிறேன். அலை அங்கே மட்டும் வெள்ளையாக உடைகிறது.

அப்பா அடிப்பார் என்று பயமில்லை. அவர் வேறு வீட்டில் குழாய் இரவல் வாங்கிவிட்டால்? துடுப்பு போட்டே போகிறேன் என்று இறங்கிவிட்டால்? நாளைக்கு மட்டும் தடுத்து என்ன, மறுநாள்? பாரம் தெரிந்தால் நின்றுவிட வேண்டும் என்று நீ சொன்னது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. எனக்குக் கழுத்தெல்லாம் பாரம் தெரிகிறது அண்ணா. அவர் கேட்டால் நான்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா இல்லை, அம்மா. கதவில் வாய் வைத்து மெதுவாகச் சொல்கிறாள்.

"கொழாய எங்கிட்ட தா மக்கா. ஒனக்க பையத்தான் அப்பா மொதல்ல பாப்பாரு."