இரண்டு தட்டுகள்

பிரிக்பீல்ட்ஸ்,
3.10.1993

என் சீதாலெட்சுமிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஹாலில் தொங்கும் காத்தாடியைத் தவிர வீட்டில் எல்லாரும் சுகம். அதை நான் ரிப்பேர் செய்தேன், அதனால்தான்.

ஆபீசில் 'பில்ட்' நின்றுபோனதால் ஞாயிறும் வேலை என்று எழுதியிருந்தாய். "கம்ப்யூட்டர்ல கட்டுறாங்களாம், செங்கல் இல்லாம" என்று அம்மாவுக்கு விளக்கினேன். "செங்கலே இல்லாம எதுங்க நின்னு போச்சு?" என்றாள். பள்ளிக்கூட பெஞ்சை விட்டுப் பிரிய மனமில்லாமல் ஃபார்ம் த்ரீயில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். எனக்கும் புரிகிற மாதிரி எழுது.

உன் கல்யாணப் பேச்சு. உன்னோடு வேலை செய்யும் நாச்சியப்பன் நல்ல பையன் என்கிறாய். சந்தோஷம். ஆனால் அவன் அப்பா பழனியப்பன் கிள்ளானில் துணிக்கடைச் செட்டியார்; நாம் ரயில்வே குவார்ட்டர்ஸ். அவர்கள் பெண் கேட்டு வரட்டும், சரி சொல்கிறேன். வராதவர்களுக்கு எப்படியம்மா சரி சொல்வது?

அப்பா கன்னையா

*

மெல்பர்ன்,
13.10.1993

அன்புள்ள அப்பா,

நாங்கள் துண்டு துண்டாக எழுதியதை ஒரே புரோகிராமாகச் சேர்ப்பதுதான் பில்ட். எந்தத் துண்டுக்கு முன்னால் எது முடிய வேண்டும் என்று மெஷினுக்கு எழுதி வைப்போம். அச்சடிக்கும் துண்டு, 'கணக்குத் துண்டு முடியட்டும்' என்று காத்திருக்கிறது. கணக்குத் துண்டோ, 'அச்சு முடியட்டும்' என்கிறது. மெஷின் எதைத் தொடும்? நின்றுவிட்டது.

கிள்ளானிலும் அதே கதைதான். நாச்சியின் அப்பா, "பெண் வீட்டிலிருந்து சரின்னு ஒரு சொல் வரட்டும். போய் நின்னு இல்லைன்னு கேக்கவா?" என்கிறாராம். தைக்குள் முடியாவிட்டால் வேறு பெண் பார்ப்பார்களாம். காத்தாடியைத் தொடாதீர்கள்.

சீதா

*

பிரிக்பீல்ட்ஸ்,
23.10.1993

சீதாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் இரண்டு முறை மெஷினுக்காகச் சிரித்தேன். பிறகுதான் சிரிப்பு நின்றது.

ஒரு சந்தேகம். மெஷின் நகர, 'முடியட்டும்' என்று எழுதி வைத்த அந்த இரண்டு வரியில் எதை எடுத்துவிடுவது? வரி போன துண்டுக்கு ரோசம் வராதா?

அப்பா

*

மெல்பர்ன்,
2.11.1993

அன்புள்ள அப்பா,

ரோசமெல்லாம் எழுதியவர்களுக்குத்தான். அச்சடிக்கக் கணக்கு வேண்டும். கணக்குக்கு அச்சு எதற்கு? எப்போதோ யாரோ எழுதி வைத்த வரி. அதை எடுத்தேன். அன்றைக்கே நாச்சியும், என்னிடம் சொல்லாமல், மற்ற வரியை எடுத்திருக்கிறார்! காத்திருக்க யாருமில்லை. அச்சு முந்திக்கொண்டு போய்ப் பழைய கணக்கோடு ஒட்டிக்கொண்டது. பில்ட் முடிந்தது, வந்ததெல்லாம் தப்பு. எடுக்குமுன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

சீதா

*

பிரிக்பீல்ட்ஸ்,
10.11.1993

என் சீதாலெட்சுமிக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. ஒரு நாள் முந்தியிருக்கக் கூடாதா?

நேற்று வெற்றிலை, பாக்கு, பழத்தோடு கிள்ளான் பஸ் ஏறினேன். பெண்ணைப் பெற்றவன் தட்டோடு போவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று பேப்பரில் சுற்றியிருந்தேன். வாழைப்பழச் சீப்பு மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. வீடு பூட்டு. கடைக்குப் போனால், அங்கே வேலை செய்யும் ரெங்கசாமி, "முதலாளி குடும்பத்தோட பிரிக்பீல்ட்ஸ் போயிட்டாருண்ணே, பொண்ணு கேக்க" என்றார். அடுத்த பஸ்ஸில் ஓடி வந்தேன்.

ஹாலில் காத்தாடி இல்லாமல் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மூன்றாவது தடவை டீ போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பழனியப்பன் தட்டோடு எழுந்தார். நானும் தட்டை நீட்டினேன். அவர் கையிலும் தட்டு, என் கையிலும் தட்டு. வாங்கக் கை இல்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

அம்மாதான், "மொதல்ல உங்களோடதக் கொடுங்கண்ணே, வந்தவங்க நீங்க" என்று அவர் தட்டை வாங்கினாள். காலியான கையில் என் தட்டை வைத்தேன். "அப்ப சரிதானே?" என்றார். "பஸ் ஏறும்போதே சரிங்க" என்றேன்.

பிறகு அவர் நாற்காலி போட்டு ஏறி, காத்தாடியைப் பார்த்து, "இதை யாருங்க மாட்டினது?" என்றார். யாரோ என்றேன். இப்போது சுற்றுகிறது.

தையில் நாள் பார்த்தாயிற்று. டிக்கெட் எடுங்கள். இரண்டு பேரும் பேசிவிட்டு எடுங்கள்.

அப்பா கன்னையா